கடையில் இடமில்லாததால் செத்தவர்: ஹாஸ்ப்ரோவுக்கு ஒரு திறந்த மடல்

ஹாஸ்ப்ரோ நிறுவனத்தில் எந்தப் பொம்மை கடைக்குப் போகவேண்டும், எந்தக் கார்ட்டூன் எத்தனை நாள் ஓடவேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் என் எட்டு வயது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வண்டிகளாக மாறும் ரோபோக்களின் கதையான, 1986இல் வெளிவந்த உங்கள் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் படத்தைப் போட்டேன். நல்லவர்களின் தலைவரான ஆப்டிமஸ் பிரைம் சாகும் இடம் வரும் என்று எனக்குத் தெரியும். அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அரைமணி நேரம் ஆவதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. மேசையில் கிடத்தியிருக்கிறார்கள். சிவப்பும் நீலமுமாக இருந்த உடம்பு மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகிறது. தலை ஒரு பக்கம் சாய்கிறது. மகள் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்: "ஏம்ப்பா, இவரோட பொம்மை விக்கலையா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவள் சொன்னது பாதி சரி, பாதி தப்பு. ஆப்டிமஸ் பிரைம் பொம்மை நன்றாகவே விற்றது. சிக்கல் வேறு. 1984இல் நீங்கள் இறக்கிய முதல் சரக்குக்கு இரண்டு வயதாகியிருந்தது. 1986க்குப் புதுப் பொம்மைகள் தயாராக இருந்தன. கடையில் அவற்றுக்கு இடம் வேண்டும், குழந்தைகளின் மனதிலும் இடம் வேண்டும். ஆகவே பழைய ஆட்களைப் படத்தின் தொடக்கத்திலேயே வரிசையாகத் தீர்த்துக்கட்டினீர்கள். விண்கலத்துக்குள் வைத்து அயர்ன்ஹைடு, ராட்செட், பிரௌல், பிரான் என்று நான்கு பேர் அடுத்தடுத்து விழுகிறார்கள். பிரௌல் வாயிலிருந்து புகை வர விழும் அந்தச் சட்டகம் என் வயதுக்காரர்கள் பலருக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு தலைவர். அவருடைய இடத்துக்கு வந்த புதுத் தலைவரும் கடையில் கிடைக்கும் ஒரு புதுப் பொம்மைதான். இது என் ஊகமில்லை. படத்தில் வேலை செய்தவர்களே பின்னாளில் பேட்டிகளில் இதை ஒளிக்காமல் சொன்னார்கள். பிரைம் குழந்தைகளுக்கு இவ்வளவு வேண்டப்பட்டவர் ஆகிவிட்டார் என்பது தங்களுக்கே தெரியவில்லை என்றார்கள்.

தெரியாமல் போனதுதான் எனக்கு வியப்பு. விற்றவர்கள் நீங்கள். அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தவர்களும் உங்கள் ஆட்கள். பீட்டர் கல்லன் பிரைம் வேடத்துக்குக் குரல் கொடுக்கப் போகும்போது, வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய அவருடைய அண்ணன், வீரன் என்றால் கத்தாதே, மென்மையாக இருக்கும் அளவுக்கு பலசாலியாக இரு என்கிற மாதிரி ஒரு யோசனை சொல்லியனுப்பினாராம். கல்லன் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் குரலைத்தான் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். அப்பா வேலை முடிந்து வர நேரமாகும் வீடுகளில் அந்த நேரத்துக்கு அவர்தான் பெரியவர். நீங்கள் லாரியாக மாறும் ஒரு பொம்மையை வாபஸ் வாங்குவதாக நினைத்தீர்கள். அங்கே வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது. பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் கடிதம் எழுதினார்கள். 1987 தொடக்கத்தில் இரண்டு பகுதியாக ஒரு கதை எழுதி அவரை உயிரோடு கொண்டுவந்தீர்கள். சரி.

வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் அதே நேரத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. உங்கள் பட்டாளத்துப் பொம்மைகளை வைத்து வந்த ஜி.ஐ. ஜோ தொடரைச் சொல்கிறேன்.

ஜி.ஐ. ஜோவில் யாரும் சாகமாட்டார்கள். விமானம் வெடித்துச் சிதறும். அடுத்த நொடியே அதிலிருந்து ஒரு பாராசூட் குடை விரியும். எதிரியின் விமானம் என்றாலும் குடை உண்டு. ஒரு பக்கம் சிவப்பு ஒளி, இன்னொரு பக்கம் நீல ஒளி. நூற்றுக்கணக்கில் சுடுவார்கள், ஒன்றுகூட ஒருவர் மேலும் படாது. இவ்வளவு மோசமாகக் குறி பார்க்கும் இரண்டு படைகள் உலக வரலாற்றில் எதிரெதிரே நின்றதில்லை. குழந்தைகள் பார்ப்பது, ரத்தம் வேண்டாம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் வகுத்த விதிகள் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. திரையில் வரும் ஒவ்வொருவரும் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும் சரக்கு. விற்றுக்கொண்டிருக்கிற சரக்கை யார் கொல்வார்கள்?

ஆக ஒரு தொடரில் சரக்கு இருப்பில் இருப்பதால் யாரும் சாகவில்லை. இன்னொன்றில் சரக்கு மாறியதால் எல்லாரும் செத்தார்கள். இரண்டிலும் முடிவெடுத்தது கதை இல்லை.

உச்சக்கட்டம் 1987இல் வந்த ஜி.ஐ. ஜோ படம். அதில் ஜோ படையின் தலைவன் டியூக் சாவதாகத்தான் எழுதியிருந்தார்கள். தம்பியைக் காப்பாற்றக் குறுக்கே பாய்கிறான், ஈட்டியாக மாறிய பாம்பு நெஞ்சில் இறங்குகிறது. படம் வரைந்தாயிற்று. அதற்குள் பிரைம் விஷயத்தில் அடிவாங்கியிருந்தீர்கள். பார்த்தீர்கள், குரலை மட்டும் மாற்றிவிட்டீர்கள். நெஞ்சில் குத்துப்பட்டுக் கண்மூடிக் கிடக்கிறவனைக் காட்டிவிட்டு, கோமாவில் இருக்கிறான் என்று ஒரு குரல். படம் முடியப்போகும்போது முகமே காட்டாமல் இன்னொரு குரல், டியூக் கண்விழித்துவிட்டான் என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் குழந்தைகளிடம் சொல்வார்களே, தாத்தா தூங்குகிறார் என்று, அதே குரல். எந்தக் குழந்தை அதை நம்பியிருக்கிறது?

நான் ஒன்றும் பொம்மை விற்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அந்த அருகதை கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் வளர்ந்தவன் நான். எங்களுக்கு ஜி.ஐ. ஜோ என்றால் கார்ட்டூன் இல்லை. பொம்மை முதலில் வந்தது, கார்ட்டூனைப் பார்த்தது பல வருடம் கழித்து. உங்களோடு கூட்டுச் சேர்ந்து எம்.ஆர்.எஃப் குழுமம் தொடங்கிய ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. கோவாவில் இருந்த தொழிற்சாலையில் உங்கள் அச்சுகளை வைத்து அவர்கள் செய்த பொம்மைகள்தான் எங்கள் கைக்கு வந்தவை. ஒரு ஆளின் உடம்புக்கு நீங்கள் கொடுத்த நிறம் ஒன்று, இங்கே வந்த நிறம் வேறு. அமெரிக்காவில் 1994இல் நீங்கள் மூணேமுக்கால் அங்குலப் பொம்மைகளை நிறுத்திய பிறகும் இங்கே பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தன. இன்று அந்த விநோத நிறப் பொம்மைகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தவற்றை அம்மா பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார். ஒன்றுதான் தப்பியது, அதைப் பற்றி அப்புறம்.

பொம்மை ஒட்டி வரும் அட்டையின் பின்பக்கம் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆளின் பெயர், ஊர், பட்டாளத்தில் என்ன வேலை, எப்படிப்பட்ட குணம். எனக்கும் என் அத்தைப் பையனுக்கும் கதை அதிலிருந்துதான். பாதி இங்கிலீஷ் புரியாது, மீதியை நாங்களே இட்டுக்கட்டிக்கொள்வோம். அந்தச் சீட்டுகளை எழுதியவர் லாரி ஹாமா என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவரே அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். மார்வெல் வெளியிட்ட ஜி.ஐ. ஜோ காமிக்ஸை 1982இலிருந்து 1994 வரை, 155 இதழ்களில் சிலதைத் தவிர எல்லாவற்றையும் எழுதியவர்.

அந்தக் காமிக்ஸ் வந்த விதமே ஒரு தந்திரம். 1964இல் நீங்கள் கொண்டுவந்த முதல் ஜி.ஐ. ஜோ ஓரடி உயரம். பையன்கள் பொம்மை என்றால் தொடமாட்டார்கள் என்று 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் வைத்தீர்கள். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி பிளாஸ்டிக் விலையும் ஏற, அது படுத்துவிட்டது. ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மூணேமுக்கால் அங்குல உயரத்தில் வந்து அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து, நீங்களும் அதே அளவுக்குச் சுருங்கி 1982இல் திரும்ப வந்தீர்கள். பொம்மை விளம்பரத்தில் சில நொடிகளுக்கு மேல் கார்ட்டூன் காட்டக்கூடாது என்று அப்போது அமெரிக்காவில் கட்டுப்பாடு. காமிக்ஸ் புத்தகத்துக்கான விளம்பரத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே புத்தகத்துக்கு விளம்பரம் என்ற பெயரில் விளம்பரம் முழுவதையும் கார்ட்டூனாகவே ஓடவிட்டீர்கள். புத்தி என்றால் இது புத்தி. அந்த விளம்பரத்தைச் செய்தவர்களே சன்போ என்ற படக் கம்பெனியையும் நடத்தினார்கள். 1983இல் ஐந்து பகுதி ஜி.ஐ. ஜோ, அடுத்த ஆண்டு டிரான்ஸ்ஃபார்மர்ஸ், 1985இல் ஜி.ஐ. ஜோ தினத்தொடர். விளம்பர நிறுவனமே கதைக்கூடமும் ஆயிற்று.

அரசாங்கம் தடுக்கவில்லையா என்றால், தடுத்துக்கொண்டுதான் இருந்தது. 1969இலேயே ஹாட் வீல்ஸ் கார் பொம்மைகளை வைத்து ஒரு கார்ட்டூன் வந்தபோது, இது நிகழ்ச்சியா அரைமணி நேர விளம்பரமா என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தில் புகார் போனது. ஆணையமும் புகாரை ஏற்றது. ரீகன் காலத்தில் அந்த ஆணையத்தின் தலைவராக வந்த மார்க் ஃபௌலர், தொலைக்காட்சியும் வீட்டில் இருக்கும் இன்னொரு சாமான்தான், படம் காட்டும் டோஸ்டர் என்றார். 1984இல் கட்டுப்பாடுகள் போயின. எத்தனையோ ஆண்டுகள் சண்டை போட்ட பெற்றோர்களுக்கு 1990இல் ஒரு சட்டம் கிடைத்தது: குழந்தைகள் நிகழ்ச்சியில் மணிக்கு வார நாளில் 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. விளம்பர இடைவேளையின் நீளம்தான் குறைந்தது.

இந்தப் பழைய கணக்கையெல்லாம் கிளறுவது உங்களைக் கூண்டில் ஏற்ற இல்லை. ஹாமாவைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஸ்னேக் ஐஸ் என்று ஒருவன் இருக்கிறானே, உச்சி முதல் பாதம் வரை கறுப்பு, முகம் தெரியாது. அவன் எப்படிப் பிறந்தான் என்று உங்கள் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். முதல் வரிசைப் பொம்மைகளில் பெயின்ட் செலவு எகிறிவிட்டது. ஒன்றுக்கு மட்டும் பெயின்ட்டே அடிக்காமல் விட்டால் கணக்கு சரியாகும் என்று அப்படியே கறுப்புப் பிளாஸ்டிக்காக வார்த்துவிட்டார்கள். மிச்சம் பிடிக்க விட்ட பொம்மை. ஹாமா அதைக் கையில் வாங்கினார். முகம் இல்லையா, சரி, முகம் சிதைந்துபோனவன். வாய் தெரியவில்லையா, பேச்சை இழந்தவன். 1984இல் வந்த 21ஆம் இதழில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வசனம்கூட இல்லாமல் அவனை வைத்து ஒரு முழுக் கதை நடத்தினார். இன்றைக்கும் ஜி.ஐ. ஜோ என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் அவன். உங்கள் கணக்குப் பிள்ளை மிச்சம் பிடித்த காசில் ஒரு நல்ல எழுத்தாளர் ஒரு ஆளை உண்டாக்கினார். காமிக்ஸில் ஆட்கள் செத்தும் போனார்கள், செத்தவர்களை மற்றவர்கள் மறக்கவும் இல்லை. பொம்மை விற்பனை அதனால் படுத்துவிட்டதா?

குழந்தைகளுக்குச் சாவு தாங்காது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் அவரை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள். அப்பாவின் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. கர்ண மோட்சம் நடக்கும் இரவில் பிள்ளைகள் எல்லாரும் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்போம். கர்ணன் சாகப்போகிறான் என்று எங்களுக்குத் தெரியும், போன வருடமும் செத்தான். போருக்குக் கிளம்புகிறவனை அவன் மனைவி பொன்னுருவி வழிமறித்துப் பாடும்போது கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள், நாங்களும் அழுவோம். கடைசி நாள் படுகளம். மண்ணைக் குழைத்துத் துரியோதனனைத் தெருநீளத்துக்குப் படுக்கவைத்திருப்பார்கள். அவன் கெட்டவன். ஆனாலும் அவன் விழும்போது அழ ஆள் இருக்கும், ஒப்பாரி இருக்கும். கெட்டவனுக்குக்கூட அழுவதற்கு நேரம் ஒதுக்கும் கதை அது. உங்கள் படத்தில் ஆப்டிமஸ் பிரைமுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினீர்கள்? நிறம் மங்கியதும் அடுத்த காட்சி, அடுத்த சண்டை, அடுத்த பொம்மை. பிள்ளைகள் அழுதது அவர் செத்ததற்காக மட்டும் என்று நீங்கள் நினைத்ததால்தான் உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று இருந்துவிட்டீர்கள்.

நான் சொன்ன அந்த ஒற்றைப் பொம்மை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மூணேமுக்கால் அங்குல ஆட்களுக்கு இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. நெஞ்சையும் காலையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். நாங்கள் எங்களுடைய ஆளை மொட்டைமாடி வெயிலில் நாள்கணக்கில் போட்டு வைத்தோம், தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம், துணிக்கொடியில் தொங்கவிட்டோம். ஒருநாள் படக்கென்று சத்தம். என் கையில் நெஞ்சு, அத்தைப் பையன் கையில் இரண்டு கால், கீழே தரையில் ஒரு சின்ன இரும்புக் கொக்கி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா குழாய்ச் சாமான் கடையிலிருந்து வாஷர் வாங்கிவந்து மாட்டிப் பார்த்தார், தடிமனாகப் போய்விட்டது. ஆள் கூன் விழுந்து நின்றான். ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றினோம், இரண்டு நாள் தாங்கியது.

மூன்றாம் நாள் அவனை மாடியில் இருந்த செம்பருத்தித் தொட்டியில் புதைத்தோம். தீப்பெட்டியை வெட்டி ஒரு பாடைகூடக் கட்டினோம். பாட்டி துணி எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டு நின்றோம். யாருடா இது, என்ன ஆச்சு என்று கேட்டார். சண்டையில் செத்துட்டான் பாட்டி என்றோம். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, "சரி, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு அப்புறம் வீட்டுக்குள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகவே குளித்தோம். அதற்குப் பிறகு வேறு ஆட்களை வைத்து விளையாடினோம், ஆனால் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் சண்டை நடத்தியதில்லை.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்து நீங்கள் எந்தப் பொம்மையை வைத்துத் தொடர் எடுத்தாலும், யார் வரவேண்டும், எந்த வண்டியைக் காட்டவேண்டும், எத்தனை முறை காட்டவேண்டும் என்பதெல்லாம் உங்கள் பாடு, சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் பணம். ஆனால் யார் சாகவேண்டும், யார் பிழைக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறவரிடம் விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரியாக அதைப் போடுங்கள். ஒரு பொம்மையை நிறுத்தவேண்டும் என்றால் அந்த ஆளை ஊருக்கு அனுப்ப, ஓய்வுகொடுக்க, தொலைதூரத்துக்குக் காவல்போக வைக்க ஆயிரம் வழி உண்டு, எழுத்தாளர் பார்த்துக்கொள்வார். கதைக்காகத்தான் சாகவேண்டும் என்று அவர் சொன்னால், அழுவதற்கு ஒரு பகுதி முழுக்க ஒதுக்கிக் கொடுங்கள். அந்த அரைமணி நேரத்தில் புதுப் பொம்மை எதையும் காட்டாதீர்கள். தொடரையே நிறுத்துவதாக இருந்தாலும் இதுதான். 2010இல் தொடங்கிய ஜி.ஐ. ஜோ ரெனிகேட்ஸ் 26 பகுதியோடு அப்படியே நின்றுபோனது. கடைசியாக ஒரு பகுதி எடுக்க ஆகும் செலவு, நீங்கள் ஒரு வாரம் விளம்பரத்துக்குக் கொட்டுவதைவிட அதிகமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

என் மகளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பொம்மை விற்றது என்று சொன்னால், அப்போது ஏன் செத்தார் என்று கேட்பாள். அதற்கு நீங்கள்தான் எழுதவேண்டும். எட்டு வயதுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் போதும்.

இன்னொன்று. அந்தச் செம்பருத்தித் தொட்டி ஆளை வீடு மாற்றும்போது தோண்டி எடுத்தோம். நிறம் போகவில்லை, கொக்கிதான் துருப்பிடித்துவிட்டது. இப்போது மகளின் மேசை இழுப்பறையில் இரண்டு துண்டாக இருக்கிறான். அந்த ரப்பர் வளையத்தின் சரியான அளவைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் உங்கள் வாடிக்கையாளன்,
சென்னை